வாசிக்காமல் இடும் கையொப்பம்: எங்கள் இணையத்தளங்களைத் திறந்துவிடும் ஒரு கட்டளை

2021ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி, பி.எச்.பி. என்ற நிரல்மொழியின் மூலநிரல் களஞ்சியத்தில் இரண்டு சிறிய மாற்றங்கள் சேர்க்கப்பட்டன. ஒன்று அந்த மொழியை உருவாக்கிய ரஸ்மஸ் லேர்டோர்ஃபின் பெயரில் இருந்தது. மற்றையது அதன் முக்கிய பங்களிப்பாளர்களில் ஒருவரான நிகிட்டா பொபோவின் பெயரில் இருந்தது. இரண்டுமே அவர்கள் செய்தவை அல்ல. எழுத்துப்பிழைத் திருத்தம் என்ற குறிப்புடன் உள்ளே வந்த அந்த வரிகள் செய்த வேலை வேறு. ஓர் இணையத்தளத்துக்கு வரும் கோரிக்கையில் குறிப்பிட்ட ஒரு சொல் இருக்கிறதா என்று அவை பார்த்தன. இருந்தால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் எழுதப்பட்டிருப்பது எதுவாக இருந்தாலும் அதை நிரலாக எடுத்து இயக்கின.

சில மணித்தியாலங்களுக்குள் சக நிரலாளர்கள் இதைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள். அது எந்த வெளியீட்டிலும் சேரவில்லை. சேர்ந்திருந்தால், புதிய பதிப்புக்கு மாறும் ஒவ்வொரு தளத்தின் திறப்பும் அந்தச் சொல்லைத் தெரிந்தவரின் கையில் இருந்திருக்கும். சேர்வர் பக்க மொழி எதுவென்று அறியக்கூடிய இணையத்தளங்களில் பெரும்பாலானவை பி.எச்.பி.யில் இயங்குபவை. உலகின் இணையத்தளங்களில் 40 சதவீதத்துக்கும் அதிகமானவற்றைத் தாங்கும் வேர்ட்பிரஸும் அதே மொழியில் எழுதப்பட்டதுதான். தமிழில் செய்தி வெளியிடும் சிறு தளங்களில் மிகப் பெரும்பாலானவை வேர்ட்பிரஸில்தான் நடக்கின்றன.

நான் ஊடகக் கற்கைகள் படித்தவன், நிரலாளன் அல்லன். பல்கலைக்கழகத்தில் ஊடக சுதந்திரம் பற்றிப் பேசும்போது தணிக்கை, உரிமையாளர்கள், விளம்பரதாரர்கள், ஊடகவியலாளர் மீதான வன்முறை ஆகியவற்றைப் படித்தோம். எங்கள் எழுத்தைத் தாங்கி நிற்கும் இயந்திரத்தைப் பற்றிப் படிக்கவில்லை. சிறு தளங்களுக்கு எழுதத் தொடங்கிய பிறகுதான், அவை வாயடைத்துப் போவதற்குப் பல தருணங்களில் எந்த அமைச்சும் தேவைப்படவில்லை என்பது தெரிந்தது. அதற்கு ஒரு கட்டளையே போதுமாக இருந்தது. அந்தக் கட்டளையின் பெயர் இவால்.

எழுத்து எப்போது கட்டளையாகிறது?

கணினிக்குள் இரண்டு வகையான எழுத்துக்கள் இருக்கின்றன. ஒன்று தரவு: நீங்கள் எழுதும் பின்னூட்டம், கட்டுரை, உங்கள் பெயர், மின்னஞ்சல் முகவரி. கணினி இதைச் சேமிக்கும், காட்டும், அவ்வளவுதான். மற்றது நிரல்: 'இந்தக் கோப்பைத் திற', 'அந்தப் பட்டியலை அழி' என்று கணினியைச் செயற்பட வைப்பது. பாதுகாப்பான மென்பொருள் என்பது பெருமளவுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே சுவர் வைத்திருக்கும் மென்பொருள்தான். பின்னூட்டப் பெட்டியில் ஒருவர் 'எல்லாவற்றையும் அழி' என்று எழுதினால் அது ஒரு வசனமாகக் கிடக்க வேண்டுமே தவிர, நடந்துவிடக் கூடாது.

இவால் அந்தச் சுவரில் வைக்கப்பட்ட கதவு. மதிப்பிடு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. பி.எச்.பி.யிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இருக்கிறது. அதனிடம் ஓர் எழுத்துத் தொடரைக் கொடுத்தால், அந்தத் தொடரை நிரலாக எடுத்துக்கொண்டு உடனே இயக்கும். எழுதியவர் யார், எங்கிருந்து வந்தது, என்ன நோக்கம் என்ற கேள்விகள் எதுவும் அதற்கு இல்லை. தளத்தின் சொந்த நிரலுக்கு என்ன அதிகாரம் இருக்கிறதோ அதே அதிகாரம் அந்த எழுத்துக்கும் கிடைத்துவிடும்.

இது எவ்வளவு ஆபத்தானது என்பதை விளங்கிக்கொள்ள எங்கள் வாசகர்களுக்குக் கணினி அறிவு தேவையில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கிறது. சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்ட தாளில், அந்த மொழி தெரியாத ஒருவரின் பெருவிரல் அடையாளம் பெறப்பட்ட வழக்கொன்றில், நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதாக ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் தீர்மானித்தது. அந்த மனிதர் 1995இல் 50 வருட சிறைத்தண்டனை பெற்றவர். வழக்கில் அவருக்கு எதிராக இருந்தது அந்தத் தாள் மட்டுமே. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத ஒரு தாள், அடையாளம் விழுந்த கணத்தில் ஒரு வாழ்க்கையின் மீது செயற்படத் தொடங்கிவிட்டது.

இரண்டையும் நான் சமப்படுத்தவில்லை. ஒன்று அரச வன்முறை, மற்றது பொறியியல் கவனயீனம். ஆனால், வாசிக்காத ஒன்றுக்கு அதிகாரம் கொடுப்பது என்றால் என்ன என்பதை இந்தச் சமூகத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் ஏன் வைத்திருக்கிறார்கள்?

வசதிக்காக. தளத்தின் நிர்வாகி தன் பக்கத்தில் ஒரு சிறு கணக்கீட்டைச் சேர்க்க விரும்புகிறார்; பக்க வடிவமைப்பைத் தரவுத்தளத்தில் சேமித்து, தேவைப்படும்போது இயக்க விரும்புகிறார்; மாணவர்கள் நிரல் எழுதிப் பழகும் தளமொன்று அவர்கள் தட்டச்சு செய்வதை உடனே இயக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. இதற்கெல்லாம் இவால் குறுக்குவழி. குறுக்குவழிகளில் பல நியாயமானவை. பிரச்சினை என்னவென்றால், அந்த எழுத்துத் தொடரில் வெளியாரின் ஒரு துண்டு கலந்தாலும் போதும், முழுத் தளமும் அவருடையதாகிவிடும்.

பி.எச்.பி.யைப் பராமரிப்பவர்களுக்கு இது தெரியும். இவால் மிகவும் ஆபத்தானது, அதன் பயன்பாட்டை ஊக்குவிப்பதில்லை என்று அந்த மொழியின் அதிகாரபூர்வ கையேடே எச்சரிக்கிறது. அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்துவந்த பக்கவழிகளையும் ஒவ்வொன்றாக மூடினார்கள். எழுத்துக்களைத் தேடி மாற்றும் கட்டளையில், மாற்றுச் சொல்லை நிரலாக இயக்கும் ஒரு வசதி இருந்தது. 2015இல் வெளியான ஏழாம் பதிப்பில் அது நீக்கப்பட்டது. எழுத்துத் தொடரிலிருந்து புதிய செயற்கூறை உருவாக்கும் கட்டளை 2020இல் வெளியான எட்டாம் பதிப்பில் நீக்கப்பட்டது. ஆனால் இவால் இருக்கிறது. அது சாதாரண செயற்கூறு அல்ல, மொழியின் இலக்கணத்தின் ஒரு பகுதி. ஆகவே, ஆபத்தான செயற்கூறுகளை முடக்க சேர்வர் நிர்வாகிகள் வைத்திருக்கும் வழக்கமான பட்டியலில் அதன் பெயரைச் சேர்த்தாலும் அது முடங்காது.

மூன்று சம்பவங்கள், மூன்று பாடங்கள்

முதலாவது சம்பவம் 2005 ஒக்டோபரில் நடந்தது. மைஸ்பேஸ் அப்போது இளைஞர்களின் பெரிய சமூக வலைத்தளம். சமி கம்கார் என்ற இளைஞர் தன் பக்கத்தில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துண்டை வைத்தார். அந்தப் பக்கத்தைப் பார்ப்பவர்களின் கணக்கிலிருந்து அது அவருக்கு நட்புக் கோரிக்கை அனுப்பியது. பார்த்தவரின் பக்கத்திலும் தன்னைப் பிரதியெடுத்துக்கொண்டது. ஒரு நாளுக்குள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குப் பரவியது. மைஸ்பேஸ் ஆபத்தான சொற்களை வடிகட்டி வைத்திருந்தது. அவர் அந்தச் சொற்களை இரண்டாக உடைத்து எழுதி, உடைந்த துண்டுகளை ஒட்டி இவாலிடம் கொடுத்தார். வடிகட்டி பார்த்தபோது தடைசெய்யப்பட்ட சொல் எங்கும் இல்லை. இயங்கும்போது மட்டுமே அந்தச் சொல் பிறந்தது.

முகநூலில் சில பெயர்களை எழுதும்போது எழுத்துக்களுக்கு நடுவே புள்ளி வைத்து எழுதிப் பழகிய எங்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. சொற்பட்டியலை வைத்து எழுத்தைக் கட்டுப்படுத்த முயலும் எந்த ஏற்பாடும் தோற்கும் என்பதே முதற்பாடம்.

இரண்டாவது, வீபுலட்டின் என்ற மென்பொருள். இணையத்தில் கலந்துரையாடல் தளங்களை நடத்தப் பலர் பயன்படுத்துவது. நிர்வாகிகள் பக்கத்தில் பி.எச்.பி. துண்டொன்றைச் செருகுவதற்காக வைக்கப்பட்டிருந்த ஒரு வசதி, வெளியிலிருந்து வந்த எழுத்தையும் இவாலிடம் கொடுத்தது. கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை. 2019 செப்டெம்பரில் அடையாளம் தெரியாத ஒருவர் இதைப் பகிரங்கப்படுத்தினார். ஓரிரு நாட்களில் திருத்தம் வந்தது. ஆனால், 2020 ஓகஸ்டில் அந்தத் திருத்தத்தையே சுற்றிக்கொண்டு போக முடியும் என்பது காட்டப்பட்டது. நிர்வாகிக்கென்று வைக்கும் கதவு நிர்வாகிக்கு மட்டும் திறப்பதில்லை. அதன் பூட்டை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதும் தீர்வல்ல.

மூன்றாவதுதான் எங்களுக்கு மிக நெருக்கமானது. பி.எச்.பி.யுனிட் என்பது நிரலாளர்கள் தங்கள் நிரலைச் சோதிக்கப் பயன்படுத்தும் கருவி. தளம் மக்கள் பார்வைக்கு வரும்போது அது அங்கே இருக்கவே கூடாது. அதன் பழைய பதிப்புகளில் இருந்த ஒரு கோப்பு, தனக்கு அனுப்பப்படும் எதையும் அப்படியே இவாலிடம் கொடுத்தது. 2016இலேயே அதைத் திருத்திவிட்டார்கள். ஆனாலும் 2024 ஜனவரியில், அமெரிக்காவின் எப்.பி.ஐ.யும் இணையப் பாதுகாப்பு முகவரகமும் சேர்ந்து வெளியிட்ட எச்சரிக்கையில் இதே ஓட்டை இடம்பெற்றது. தளங்களிலிருந்து கடவுச்சொற்களைத் திருடும் தீநிரல் ஒன்று அதைத் தேடித் தேடிப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. தளத்தைக் கட்டியவர் மறந்துவிட்டுப் போன ஒரு கோப்புறையை, அதைக் கட்டச் சொன்னவருக்கு இருப்பதே தெரியாத ஒரு கோப்புறையை, ஏழு வருடங்களுக்குப் பிறகும் யாரோ தட்டிப் பார்க்கிறார்கள்.

எங்கள் தளங்களின் நிலை

சிறு தமிழ் செய்தித்தளம் ஒன்று எப்படி உருவாகிறது? யாரோ ஒரு நண்பரின் தம்பி ஒரு வார இறுதியில் கட்டிக்கொடுக்கிறார். பணம் கொடுத்து வாங்க வேண்டிய வடிவமைப்பு, பூட்டு உடைக்கப்பட்ட நிலையில் இலவசமாகக் கிடைக்கிறது. பத்துப் பதினைந்து செருகுநிரல்கள் சேர்கின்றன. பல தளங்கள் ஒன்றாகக் கிடக்கும் மலிவான சேர்வர் ஒன்றில் இடம் வாங்கப்படுகிறது. பின்னர் தம்பி வெளிநாடு போய்விடுகிறார். ஆசிரியர் செய்தி போடுவார். மென்பொருளை யாரும் புதுப்பிப்பதில்லை. புதுப்பித்தால் பக்கம் குழம்பிவிடுமோ என்ற பயம் வேறு.

பூட்டு உடைக்கப்பட்ட வடிவமைப்புகளில் பல வெறுமனே இலவசமாக வருவதில்லை. உள்ளே தீநிரல் வைத்தே பகிரப்படுகின்றன. அப்படி உள்ளே போகும் நிரலின் மிகப் பழகிய முகம் இதுதான்: அர்த்தமற்ற எழுத்துக்களின் நீண்ட வரியொன்று, அதன் முன்னால் அதைப் பிரித்துப் படிக்கும் கட்டளை, அதற்கும் முன்னால் இவால். கண்ணால் பார்த்தால் குப்பை. இயங்கும்போது அது முழு நிரல். இன்னும் எளிய வடிவமும் உண்டு: வெளியிலிருந்து வருவதை இவாலிடம் கொடு என்ற ஒற்றை வரி. ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு நடுவே அந்த ஒரு வரியைக் கண்டுபிடிப்பது, வயலில் விழுந்த ஊசியைத் தேடுவது போல.

நான் எழுதிய தளமொன்றில் இது நடந்தது. கூகுளில் அதன் பெயரைத் தேடினால் சூதாட்டப் பக்கங்கள் வந்தன. தளத்துக்கு நேரடியாகப் போனால் எல்லாம் வழமை போலவே இருந்தது. தேடுபொறிக்கு மட்டும் வேறு முகம் காட்டப்பட்டது. பிறகு உலாவிகள் சிவப்பு எச்சரிக்கை காட்டத் தொடங்கின. இட வாடகை நிறுவனம் தளத்தை இடைநிறுத்தியது. காணி விடுவிப்புப் போராட்டங்கள் பற்றிய, வேறெங்கும் பதிவாகாத செய்திகள் அங்கே இருந்தன. அவற்றில் ஒரு பகுதிதான் மீண்டது.

2007இல் தமிழ்நெட் முடக்கப்பட்டபோதும், 2018 மார்ச்சிலும் 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோதும் அதை முடக்கம் என்று அழைத்தோம், கண்டித்தோம். இந்தச் சாவுக்கு அறிக்கை விடுவதற்கு யாருமில்லை. வாசகருக்கோ இரண்டும் ஒன்றுதான்: பக்கம் திறக்கவில்லை.

ஆனால், பக்கம் திறக்காமல் போவதை விடவும் பயப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. இவால் வழியாக உள்ளே வருபவர் தரவுத்தளத்தையும் வாசிக்கலாம். அங்கே வெளியான கட்டுரைகள் மட்டும் இல்லை. புனைபெயரில் எழுதியவரின் உண்மையான மின்னஞ்சல் இருக்கிறது. காணாமலாக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு தாய் தொடர்புப் படிவத்தில் எழுதிய விபரம் இருக்கிறது. கிராம மட்ட ஊழல் ஒன்றைப் பற்றித் தகவல் தந்த அரச ஊழியரின் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. வடக்கு கிழக்கில் இப்படியான ஒரு பட்டியல் யார் கையில் போகக்கூடும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. சூதாட்ட விளம்பரம் போட வந்தவர் அந்தப் பட்டியலைக் கவனிக்காமல் போயிருக்கலாம். அதே கதவால் வேறொருவர் வந்திருந்தால்?

அரசு எதைப் பாதுகாக்கிறது?

2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசின் மேகக்கணினி மின்னஞ்சல் கட்டமைப்பு கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டது. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குரிய மின்னஞ்சல்களுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. காலாவதியான மென்பொருள் பயன்பாட்டில் இருந்ததும் வெளிவந்தது. அதற்கு அடுத்த மாதம் வர்த்தமானியில் வெளியான சட்டமூலம் இணையப் பாதுகாப்பு என்ற சொற்களைத் தலைப்பில் தாங்கியிருந்தது. ஆனால், அது பாதுகாக்க வந்தது சேர்வர்களை அல்ல. எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்குக் கொடுத்த அந்தச் சட்டம், 2024 ஜனவரி 24ஆம் திகதி நிறைவேறியது. வர்த்தமானியிலிருந்து சட்டமாவதற்கு நான்கு மாதங்கள் எடுத்தன. கட்டமைப்புகளின் பாதுகாப்பு பற்றிய சைபர் பாதுகாப்புச் சட்டமூலத்தின் வரைவு 2019இலேயே வெளியாகியிருந்தது. அது அப்போதும் வரைவாகவே கிடந்தது.

2016 ஓகஸ்டில் ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளத்துக்குள் நுழைந்த ஒருவர், உயர்தரப் பரீட்சைக் காலம் பற்றிய கோரிக்கையை அங்கே எழுதிவைத்தார். கைதானவர் 17 வயது மாணவன். நாட்டின் தலைவரின் தளத்துக்குள் நுழைய ஒரு பள்ளி மாணவனால் முடிந்தது என்றால் கேள்வி யாரை நோக்கி எழ வேண்டும்? எங்களிடம் சொல்லை விசாரிக்கும் சட்டங்கள் இருக்கின்றன, நுழைந்தவரைத் தண்டிக்கும் சட்டமும் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்தவர்களைக் கேள்வி கேட்கும் பழக்கம்தான் இல்லை.

செய்யக்கூடியவை

இந்தக் கதவுகள் குறையப் போவதில்லை. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய நிரலை வாசிக்காமலே தளத்தில் ஒட்டும் பழக்கம் இப்போது எங்களிடமும் வந்துவிட்டது. இயந்திரம் எழுதியதை இயந்திரமே இயக்குகிறது. நடுவில் இருக்கும் மனிதர் ஒட்டுபவராக மட்டும் இருக்கிறார். இது இவாலை நாங்களே கையால் செய்வது போன்றது.

ஆனாலும், சிறு தளங்களால் செய்யக்கூடியவை பணம் அதிகம் கேட்பவை அல்ல. பூட்டு உடைக்கப்பட்ட வடிவமைப்புகளை அகற்றுங்கள். பயன்படுத்தாத செருகுநிரல்களை முடக்கி வைப்பது போதாது, அழித்துவிடுங்கள். படங்கள் ஏற்றப்படும் கோப்புறையில் பி.எச்.பி. இயங்காதபடி சேர்வரில் தடுக்கலாம். வேர்ட்பிரஸ் நிர்வாகப் பக்கத்திலிருந்தே கோப்புகளைத் திருத்தும் வசதியை ஒரு வரியில் நிறுத்தலாம். உலாவிக்கு அனுப்பும் பாதுகாப்புக் கொள்கையில், எழுத்துத் தொடரை ஜாவாஸ்கிரிப்டாக இயக்க அனுமதிக்காமல் விடலாம். காப்புப் பிரதியை அதே சேர்வரில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசகர் அனுப்பும் தகவல்களைத் தளத்திலேயே வருடக்கணக்கில் குவித்து வைக்காதீர்கள். இல்லாததைத் திருட முடியாது.

இதில் எதையும் தனியொரு ஆசிரியர் இரவு பதினொரு மணிக்குச் செய்தி போட்டு முடித்த பிறகு செய்யப்போவதில்லை. ஆகவே, இது கூட்டாகச் செய்ய வேண்டிய வேலை. ஊடக அமைப்புகள் ஊடகவியலாளருக்குப் பயிற்சிப்பட்டறை நடத்துகின்றன, கருத்தரங்கு நடத்துகின்றன. ஐந்தாறு தளங்கள் சேர்ந்து ஒரு தொழில்நுட்பவியலாளருக்கு மாதச் சம்பளம் கொடுப்பது அதைவிடப் பெரிய செலவல்ல. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கணினி விஞ்ஞானம் படித்து வெளியேறும் இளைஞர்கள் இருக்கிறார்கள். எங்கள் தளங்களைக் கட்டிக்கொடுத்த தம்பிமாரிடம் நாங்கள் கேட்டது 'எப்போது முடியும்' என்பது மட்டுமே. இனி 'உள்ளே என்ன ஓடுகிறது, யார் அதைப் பார்த்துக்கொள்வது' என்று கேட்போம். தகவல் தந்தவரின் பெயரை உயிர் போனாலும் சொல்லமாட்டேன் என்ற ஊடகவியலாளரின் வாக்குறுதி, அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இன்று தங்கியிருக்கிறது.